நின்ற காரில் இறங்கும் பேட்டரி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை காரின் மின்சாரப் பகுதியைப் பற்றியவை. எழுதியவர்களில் பலர் ஏதோ ஒரு பாகத்தை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். மாற்றுவதற்கு முன் மீட்டர் வைத்து அளந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆகவே அளக்கும் முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றும் 10 எம்எம் ஸ்பேனர் ஒன்றும் இருந்தால், கீழே சொல்லப்படும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

கேள்வி: ஐயா, எங்கள் சிறிய காருக்கு ஆறு வயது ஆகிறது. வாரத்தில் இரண்டு முறை எடுப்போம். நான்கு நாள் சேர்ந்தாற்போல் நின்றுவிட்டால் செல்ஃப் எடுப்பதில்லை; தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கிறது. ஓராண்டுக்குள் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டோம். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை என்று சொல்லி அதையும் மாற்றினார்கள். பலன் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளியில் ஒரு தொடுதிரை ஸ்டீரியோ பொருத்தினோம். அதைத் தவிர வேறெதுவும் சேர்க்கவில்லை. – வாசகர், காரைக்குடி.

பதில்: உங்கள் கடிதத்திலேயே முக்கியமான துப்பு இருக்கிறது. நான்கு நாள் என்று கணக்காகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை வைத்தே தொடங்குவோம்.

சிறிய கார்களில் பொதுவாக 35 ஆம்பியர் அவர் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர் அவர்) பேட்டரி இருக்கும். அதில் பாதி இறங்கிவிட்டால் செல்ஃப் மோட்டார் திணறத் தொடங்கும். பாதி என்பது ஏறத்தாழ 17.5 ஆம்பியர் அவர். அது நான்கு நாளில், அதாவது 96 மணி நேரத்தில் போகிறதென்றால், கார் நின்றுகொண்டிருக்கும்போது இடைவிடாமல் சுமார் 180 மில்லி ஆம்பியர் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பூட்டி நிறுத்திய காரில் கடிகாரம், சாவியை அடையாளம் காணும் கருவி, இன்ஜின் கணினியின் நினைவகம் ஆகியவற்றுக்காக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை ஓடுவது இயல்பு. உங்கள் காரில் அதைப்போல் பல மடங்கு ஓடுகிறது. டிக்கி விளக்கு அணையாமல் எரிகிறதோ என்று சிலர் சொல்லியிருப்பார்கள். 5 வாட் டிக்கி விளக்கு 400 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அது எரிந்தால் உங்கள் பேட்டரி இரண்டு நாள்கூடத் தாங்காது. ஆகவே என் சந்தேகம் விளக்கின் மீது இல்லை; ஸ்டீரியோவின் மீதுதான். ஆனால் சந்தேகத்தை அளந்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

முதலில், இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பற்றி ஒரு சொல். அதைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டுவிட்டு, பேட்டரியின் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் சார்ஜ் ஆகிறது. இதைச் செய்யாமலே உங்களிடம் ஒரு ஆல்டர்னேட்டருக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பேட்டரியின் நிலையை அறிய, காரைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகு அளக்க வேண்டும்: 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி.

இனி கசிவைப் பிடிக்கும் முறை. பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். நடுவில் கார் தானாகப் பூட்டிக்கொண்டால் கை நுழைக்க வழி வேண்டும். பானெட்டைத் திறந்து வையுங்கள். உள்ளே இருக்கும் ஃப்யூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றி, அதை எட்டுவதற்காக ஒரு கதவைத் திறந்து வைத்து, அந்தக் கதவின் தாழை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால், கதவு சாத்தியிருப்பதாகக் கார் எண்ணிக்கொள்ளும். வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து அந்தத் தாழை விடுவித்த பிறகே கதவைச் சாத்த வேண்டும். மறந்து ஓங்கிச் சாத்தினால் தாழ் உடையும். தொலைவிலிருந்து இயங்கும் சாவியாக இருந்தால் அதை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

பிறகு பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். எப்போதும் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் பேட்டரியின் முழு மின்னோட்டமும் அந்த ஸ்பேனர் வழியே பாயும். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் என்று எழுதிய துளைக்கு மாற்றி, கழற்றிய கேபிளுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே மீட்டரை இணைக்க வேண்டும். மில்லி ஆம்பியர் துளையில் செருகிவிடாதீர்கள். முதல் நொடியிலேயே மீட்டரின் உள் ஃப்யூஸ் போய்விடும். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது.

இணைத்தவுடன் மீட்டர் 1 அல்லது 2 ஆம்பியர்கூடக் காட்டலாம். பதற்றப்பட வேண்டாம். காரில் உள்ள கணினிகள் ஒவ்வொன்றாக உறக்கத்துக்குப் போக நேரம் எடுக்கும். 30 முதல் 40 நிமிடம் காத்திருந்து, அதன்பின் நிலைத்து நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 180 மில்லி ஆம்பியரை (10 ஆம்பியர் துளையில் 0.18 என்று காட்டும்) ஒட்டி நின்றால் நம் கணக்கு சரி. அடுத்து ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்; எந்த ஃப்யூஸைப் பிடுங்கியதும் எண் சட்டென்று விழுகிறதோ, கசிவு அந்தப் பாதையில் இருக்கிறது. பிடுங்கிய ஃப்யூஸைத் திரும்பச் செருகினால் உறங்கிய கணினி மறுபடி விழித்துக்கொள்ளும் என்பதால், சோதனை முடியும்வரை பிடுங்கியவற்றை வரிசையாக ஒரு தாளின் மீது வைத்திருப்பது நல்லது.

ஸ்டீரியோ ஃப்யூஸில்தான் விழுந்தது என்றால், பின்னால் உள்ள வயர்களைப் பாருங்கள். வெளியில் பொருத்தும் ஸ்டீரியோக்களில் மஞ்சள் வயருக்கு எப்போதும் பேட்டரி மின்சாரம் வர வேண்டும்; அது நினைவகத்துக்கு உரியது. சிவப்பு வயருக்குச் சாவியைத் திருப்பிய பிறகே மின்சாரம் வர வேண்டும். பொருத்துபவர் அவசரத்தில் சாவி வழி வரும் வயரைத் தேடாமல் இரண்டையும் ஒன்றாக முறுக்கி மஞ்சளின் பாதையிலேயே சேர்த்துவிட்டால், திரை இருண்டிருந்தாலும் உள்ளே இருக்கும் கருவி இரவெல்லாம் விழித்தே இருக்கும். சிவப்பை மட்டும் பிரித்து, சாவி வழி மின்சாரம் வரும் இடத்தில் ஃப்யூஸுடன் இணைத்துவிட்டால் போதும். பணம் செலவாகாத வேலை.

எந்த ஃப்யூஸைப் பிடுங்கியும் எண் குறையவில்லை என்றால், ஃப்யூஸ் பெட்டிக்கு வெளியே இருக்கும் பாதையைப் பார்க்க வேண்டும்; ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு பழுதானாலும் இரவில் பேட்டரி இறங்கும். இன்ஜின் ஓடும்போது மீட்டரை ஏசி (மாறுதிசை மின்சாரம்) வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் அளந்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுவது டயோடு பழுதின் அடையாளம். கசிவே இல்லாத காரிலும் வாரத்துக்கு 5, 6 ஆம்பியர் அவர் இறங்கத்தான் செய்யும்; அதைத் திரும்ப ஏற்றக் கடைத்தெருவரை போய்வந்தால் போதாது, ஒரு மணி நேரமாவது ஓட்ட வேண்டும்.

கேள்வி: பின்பக்க இண்டிகேட்டர் பல்புகளை எல்இடியாக மாற்றினேன். அன்றிலிருந்து இரண்டு மடங்கு வேகத்தில் சிமிட்டுகிறது. பல்பு தரமில்லாததா? – வாசகர், திருப்பூர்.

பதில்: பல்பில் குறை இல்லை. பழைய பல்பு 21 வாட். நீங்கள் மாட்டிய எல்இடி அதில் ஒரு சிறு பங்குதான் இழுக்கும். இழுக்கும் அளவு குறைந்தால் ஒரு பல்பு எரிந்துபோய்விட்டது என்று ஓட்டுநருக்குத் தெரிவிப்பதற்காகவே சிமிட்டும் வேகம் கூடும்படி அமைத்திருக்கிறார்கள். ரெசிஸ்டர் (மின்தடை) போட்டுக் கூடுதலாக மின்சாரம் இழுக்கவைத்து ஏமாற்றலாம் என்று கடையில் சொல்வார்கள். ஆனால் அந்த 6 ஓம் ரெசிஸ்டர் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும், விளக்கின் பிளாஸ்டிக் கூட்டை ஒட்டி வைத்தால் அது உருகும். பழைய பல்பையே திரும்பப் போடுவதுதான் என் பரிந்துரை.

கேள்வி: பிரேக்கை அழுத்தினால் டாஷ்போர்டில் இண்டிகேட்டர் அம்புக்குறி மங்கலாக மின்னுகிறது; இரவில் அழுத்தினால் ஒரு பக்கப் பின்விளக்கு மங்குகிறது. பிரேக் சுவிட்சை மாற்றியும் தீரவில்லை. வீடு கடலோரத்தில் இருக்கிறது. – வாசகர், குளச்சல்.

பதில்: பிரேக் சுவிட்சை மாற்றியது வீண் செலவு. இது எர்த் கோளாறு. ஒரு விளக்கைத் தொட்டால் சம்பந்தமில்லாத இன்னொரு விளக்கு எரிவது அல்லது மங்குவது என்றாலே முதலில் எர்த்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

காரணம் எளிது. பல்புக்கு மின்சாரம் போனால் மட்டும் போதாது, அது பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பியும் ஆக வேண்டும். பின்விளக்குக் கூட்டில் உள்ள பல்புகள் அனைத்துக்கும் திரும்பும் வழி பெரும்பாலும் ஒரே கருப்பு வயர்தான். அது பாடியில் முறுக்கப்பட்ட இடத்தில் துரு ஏறிவிட்டால், 21 வாட் பிரேக் விளக்கின் மின்னோட்டம் வேறு வழியின்றிப் பக்கத்துப் பல்பின் இழைக்குள் புகுந்து, அதன் வயர் வழியே முன்னோக்கிப் பாய்ந்து, அங்கு எர்த் நன்றாக உள்ள விளக்குகளின் வழியே திரும்பப் பார்க்கும். டாஷ்போர்டில் நீங்கள் காணும் மங்கலான அம்புக்குறி அப்படி எரிவதுதான்.

உறுதி செய்துகொள்ள, பிரேக்கை ஒருவரை அழுத்தச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பல்பு ஹோல்டரின் எர்த் தகட்டிலும் மறு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். பேட்டரி முன்னால் இருப்பதால் நீளமான ஒரு வயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். நல்ல எர்த்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. ஒரு முறை என் காரிலேயே இதே கோளாறு வந்தபோது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. டிக்கியின் பக்கவாட்டு அட்டையைக் கழற்றிப் பார்த்தால் எர்த் போல்ட் வெளியிலிருந்து பார்க்க நன்றாகவே இருந்தது. கழற்றியபோதுதான் வளைய முனையின் அடிப்பக்கத்தில் பச்சைப் பொடி அப்பியிருந்ததும், பாடியில் அது உட்கார்ந்திருந்த வட்டம் முழுவதும் செந்நிறத் துருவாக இருந்ததும் தெரிந்தன. பார்வைக்கு நன்றாக இருப்பதை நம்பிக் கழற்றாமல் விட்டிருந்தால் இன்னும் பல நாள் அலைந்திருப்பேன்.

போல்ட்டைக் கழற்றி, வளையத்தின் இரு பக்கமும் பாடியின் அந்த வட்டமும் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். பல் வைத்த வாஷர் ஒன்றைப் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே வாசலினைத் தடவுங்கள். குளச்சல் போன்ற உப்புக்காற்று ஊரில் ஆண்டுக்கொரு முறை, மழைக்காலம் முடிந்ததும் இதைச் செய்ய வேண்டும். அப்போதே பேட்டரி முனைகள் பூத்திருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கேபிள்களைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெதுவெதுப்பான நீரால் கழுவித் துடைத்து மாட்டலாம்.

எர்த் சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால், 21/5 வாட் இரட்டை இழைப் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒற்றை இழைப் பல்பை அழுத்திச் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி: மலைப்பாதையில் இரவு ஓட்ட வேண்டியிருக்கிறது. ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை. ஒருவர் 100/90 வாட் பல்பு போடச் சொல்கிறார், இன்னொருவர் எல்இடி போடச் சொல்கிறார். எது நல்லது? காருக்கு ஒன்பது வயது. – வாசகர், வால்பாறை.

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் காரில் இருக்கும் 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) ஹெச்4 வகைப் பல்பே அதற்கு உரிய வோல்ட் கிடைத்தால் நல்ல வெளிச்சம் தரும். கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

இன்ஜினை ஓடவிட்டு, பிரைட்டைப் போட்டு, பேட்டரியில் அளங்கள். 14 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். அதே நிலையில் பல்பின் பின்புறச் சாக்கெட்டில், பல்பு எரியும்போதே அளங்கள். ஒன்பது வயதுக் காரில் 12.2 வோல்ட் காட்டினாலும் நான் வியப்படைய மாட்டேன். 1.8 வோல்ட்தானே குறைகிறது என்று தோன்றும். ஆனால் ஹாலோஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. ஏறத்தாழ வோல்ட்டின் 3.4-ஆம் அடுக்கில் குறைகிறது. அந்தக் கணக்கின்படி 14 வோல்ட்டில் கிடைத்திருக்கும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. வெளிச்சம் பல்பில் குறையவில்லை, வழியில் தொலைந்திருக்கிறது.

எங்கே தொலைகிறது என்றால், பல பழைய சிறு கார்களில் ஹெட்லைட்டின் முழு மின்னோட்டமும் ஸ்டீரிங்கின் கீழே உள்ள சுவிட்ச் வழியே போய்த் திரும்புகிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 4 மீட்டருக்கு 0.07 ஓம் தடை தரும்; 9 ஆம்பியர் பாயும்போது அதிலேயே 0.6 வோல்ட் போய்விடும். மீதி, தேய்ந்த சுவிட்ச் முனைகளிலும் கருகிய சாக்கெட்டிலும் போகிறது. இதே பாதையில் 100 வாட் பல்பு இரண்டைப் போட்டால் 16 ஆம்பியருக்கு மேல் பாயும். இழப்பும் கூடும், சூடும் கூடும். சுவிட்ச் கருகும், சாக்கெட் இளகும், விளக்கின் பிரதிபலிப்பான் மங்கும். சாலையில் அனுமதிக்கப்பட்ட ஹெச்4 பல்பு 60/55 வாட்தான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டிய மாற்றம் ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச், பொருத்துவது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே. நான்கு முனை ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்திருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை எடுத்து, பேட்டரியை ஒட்டியே ஃப்யூஸ் வைத்து, 30-க்குக் கொடுக்க வேண்டும். 87-இலிருந்து அதே தடிமனில் பல்புகளுக்குப் போக வேண்டும். 85-ஐ எர்த் செய்ய வேண்டும். காரின் பழைய ஹெட்லைட் சாக்கெட்டில் வரும் மின்சாரத்தை 86-க்குக் கொடுத்தால், இதுவரை 9 ஆம்பியர் சுமந்த பழைய சுவிட்ச் இனி ரிலேயின் சுருளுக்கான 0.2 ஆம்பியரை மட்டும் சுமக்கும். பல்புகளின் எர்த்தையும் புதிதாக, தடித்த வயரில் பாடிக்குக் கொடுங்கள். பாதி பேர் இதை மறந்துவிடுகிறார்கள். பீங்கான் ஹோல்டருடன் தயாராகவே விற்கப்படும் ஒயரிங் தொகுப்பு வாங்கினால் எந்த வயரையும் வெட்ட வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் கழற்றிப் பழையபடி மாட்டிக்கொள்ளலாம். அதைத்தான் நான் விரும்புகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைச் சோதியுங்கள். சில கார்களில் பல்பின் பொதுமுனைக்கு எப்போதும் பாசிட்டிவ் வந்துகொண்டிருக்கும். சுவிட்ச் எர்த் பக்கத்தில் வேலை செய்யும். அப்படிப்பட்ட காரில் மேலே சொன்ன இணைப்பு பொருந்தாது. அதற்கேற்ற தொகுப்பைக் கேட்டு வாங்க வேண்டும். ஹெட்லைட்டைக் கணினியே நேரடியாகக் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

எல்இடியைப் பொறுத்தவரை, ஹாலோஜனுக்காக வடிவமைக்கப்பட்ட பிரதிபலிப்பான், இழை இருக்கும் அந்த ஒரு புள்ளியை மையமாக வைத்து வளைக்கப்பட்டது. எல்இடியின் ஒளி வேறு இடத்திலிருந்து புறப்படுவதால் சிதறி, எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். வளைவுக்கு வளைவு எதிர்வண்டி வரும் வால்பாறைச் சாலையில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று கருதுகிறேன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. விளக்கை மாற்றுமுன் அதையும் யோசியுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, விளக்கின் முன் கண்ணாடி மஞ்சளித்திருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் என்பதால் வெயிலில் மஞ்சளிக்கும். நுண்ணிய உப்புத்தாளும் பாலிஷும் கொண்டு தேய்த்தாலே பெரிய மாற்றம் தெரியும். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போட்டால், ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிட ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கான 15 ஆம்பியர் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது. எலக்ட்ரீஷியன் 30 ஆம்பியர் போட்டுக் கொடுத்தார். ஒரு வாரமாக ஃப்யூஸ் போகவில்லை. ஆனால் லேசாகக் கருகிய வாடை வருகிறது. – வாசகி, கள்ளக்குறிச்சி.

பதில்: அம்மா, இதைப் படித்து முடித்தவுடன் அந்த ஃப்யூஸைப் பிடுங்கிவிடுங்கள். பச்சை நிறத்தில் இருக்கும். ஃப்யூஸ் இருப்பது கருவியைக் காப்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். அது வயரைக் காப்பதற்காக இருக்கிறது. 15 ஆம்பியரில் அறுந்துவிட வேண்டும் என்று கணக்கிட்டு அந்தத் தடிமனில் வயர் போட்டிருக்கிறார்கள். 30 போட்டால் ஃப்யூஸ் அறுவதற்கு முன் வயர் சூடாகி உறை உருகும். நீங்கள் முகர்ந்த வாடை அதுவாகத்தான் இருக்கும். உறை உருகிய வயரை மாற்றிய பிறகே நீல நிற 15 ஆம்பியர் ஃப்யூஸைப் போட வேண்டும்.

ஏன் போகிறது என்று தேடுவோம். சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நாணயம் ஒன்று விழுந்து கிடப்பது அடிக்கடி நடப்பது. டயருக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரசரை அதில் செருகுகிறீர்களா? சில கம்ப்ரசர்கள் 15 ஆம்பியரை எட்டிவிடும்; அப்படியானால் அதைப் பேட்டரியில் நேரடியாக, அதற்கான கிளிப் கொண்டு இணைக்க வேண்டும்.

இரண்டும் இல்லை என்றால் வயர் எங்கோ பாடியில் உரசி ஷார்ட் ஆகிறது. ஃப்யூஸ் மேல் ஃப்யூஸாகப் போட்டுத் தேடாதீர்கள். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எடுத்து, இரண்டு வயர் இணைத்து, ஃப்யூஸ் இருக்க வேண்டிய இரு காடிகளிலும் அவற்றைச் செருகுங்கள். அந்த ஃப்யூஸில் ஓடும் கருவிகளை எல்லாம் கழற்றிவிட்ட நிலையிலும் பல்பு பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. பல்பு நடுவில் இருப்பதால் 2 ஆம்பியருக்கு மேல் பாயாது. எவ்வளவு நேரமும் தேடலாம். இப்போது ஒருவர் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் வயர்க் கட்டை ஓர் ஓரத்திலிருந்து மெல்ல அசைத்துக்கொண்டே வர வேண்டும். எந்த இடத்தை அசைக்கும்போது பல்பு துடித்து அணைகிறதோ அங்கேதான் உறை கிழிந்திருக்கிறது. கியர் கன்சோலுக்கு அடியில், தகட்டின் விளிம்பை வயர் கடக்கும் இடங்களில் தொடங்குங்கள். காற்றுப்பையின் வயர்கள் மஞ்சள் உறையிலும் மஞ்சள் கனெக்டரிலும் வரும். அவற்றில் கையோ பல்போ வைக்கக் கூடாது.

கேள்வி: டேஷ் கேமராவை நானே பொருத்தலாமா? நிறுத்தியிருக்கும்போதும் பதிவாக வேண்டும். – வாசகர், சேலம்.

பதில்: தாராளமாகப் பொருத்தலாம். முதல் கேள்வியின் பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்: நிறுத்திய பிறகும் இயங்கும் கேமரா, நீங்களே காருக்குள் வைக்கும் ஒரு கசிவுதான். ஆகவே பேட்டரி 12 வோல்ட்டை ஒட்டி இறங்கியதும் தானாகத் துண்டித்துக்கொள்ளும் அமைப்புள்ள இணைப்புத் தொகுப்பை வாங்குங்கள். கார் வயரின் உறையைக் கிழித்துக் கிளிப்பைக் கவ்வவிடும் முறை வேண்டாம். சில மாதங்களில் அங்கே இழைகள் அறுந்துபோகும். ஃப்யூஸ் இடத்திலேயே செருகி இன்னொரு ஃப்யூஸுக்கு இடம் தரும் துணைச் செருகி கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். காற்றுப்பை, பிரேக், இன்ஜின் கணினி ஆகியவற்றின் ஃப்யூஸ்களைத் தொடாமல், ரேடியோ போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சிறு பெட்டி போன்ற சென்சார் இருந்தால் எர்த்தைப் பாடியிலேதான் எடுக்க வேண்டும். முனையில் நேரடியாக எடுத்தால் கேமரா இழுப்பது சென்சாரின் கணக்கில் வராது. முன் தூணின் உள்ளே திரைக் காற்றுப்பை உள்ள கார்களில் வயரை அதன் முன்னால் குறுக்கே விடக் கூடாது. பின்புறமாகக் கொண்டுபோக வேண்டும். அந்தத் தூணின் உறையைக் கழற்றுமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிப் பத்து நிமிடமாவது காத்திருங்கள்.

கேள்வி: மழை தொடங்கியதிலிருந்து பானெட்டுக்குள் எலி வயரைக் கடிக்கிறது. இரண்டு முறை சரிசெய்தோம். வயர்கள் மீது டீசல் தெளிக்கச் சொல்கிறார்கள். – வாசகர், தாம்பரம்.

பதில்: டீசலோ மண்ணெண்ணெயோ தெளிக்காதீர்கள், வயரின் உறையும் ரப்பர் குழாய்களும் கெடும், சூடான இன்ஜின் பக்கத்தில் தீ அபாயமும் உண்டு. நாப்தலின் உருண்டையைக் கட்டித் தொங்கவிட்டால் அதன் ஆவி ஏசி வழியே உள்ளே வந்து குழந்தைகளுக்கு மூச்சு முட்டும். காருக்குள் பிஸ்கட் தூள், குப்பை எதுவும் இல்லாமல் பாருங்கள். தினமும் காரை எடுக்க முடியாவிட்டால் இரவில் பானெட்டைத் திறந்தே வையுங்கள், வெளிச்சமுள்ள திறந்த இடத்தில் எலி கூடு கட்டுவது குறையும். பானெட் விளக்கு இருந்தால் அதன் பல்பை மட்டும் கழற்றிவிடுங்கள்.

சரிசெய்யும் முறையிலும் கவனம் வேண்டும். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு இன்ஜின் சூட்டில் பசை இளகி ஒரே கோடையில் பிரிந்துவிடும். அறுந்த வயர்களை உலோகக் குழலில் வைத்து நசுக்கி (கிரிம்ப் செய்து) அல்லது ஈயம் பற்றவைத்து இணைத்து, சூட்டில் சுருங்கும் குழாயை மேலே இழுத்துவிட்டு, இணைப்புகள் அனைத்தும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து வராதபடி முன்பின்னாக அமைக்கச் சொல்லுங்கள். ஒன்றையொன்று முறுக்கிய நிலையில் வரும் இரட்டை வயர்கள் கணினிகளுக்கு இடையே செய்தி கொண்டுபோகின்றன. சரிசெய்த பிறகும் அவை அதே முறுக்கோடு இருக்க வேண்டும். அவற்றை நேராக்கி விட்டுவிட்டால், வயர் இணைந்த பிறகும் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு அவ்வப்போது வந்துபோகும். மூன்றாவது முறை எலி கடித்துவிட்டதென்று தேடத் தொடங்குவதற்கு முன், ஏற்கெனவே சரிசெய்த அந்த இடத்தைப் பிரித்துப் பாருங்கள்.